சட்ட எழுத்தர் பணி

சட்ட எழுத்தர் பணி என்பது, சட்டப் படிப்பை முடித்த ஒருவர் உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியிடம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றுவதைக் குறிக்கும். இது நிரந்தர அரசு வேலை அன்று. வழக்கறிஞர் தொழிலும் அன்று. வழக்குக் கட்டுகளைப் படித்துச் சுருக்கம் தயாரிப்பது, முன் தீர்ப்புகளைத் தேடித் தருவது, வரைவுகளைச் சரிபார்ப்பது ஆகியவை இப்பணியின் மையம். இறுதியாண்டு மாணவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் இருந்து சட்டக் கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு, மூத்த வழக்கறிஞர்களின் அறிமுகம் இல்லாமலேயே உயர் நீதிமன்றங்களின் உள்ளே நுழையக் கிடைக்கும் சில வழிகளுள் இது ஒன்றாக உள்ளது.

பெயரும் பொருளும்

தமிழகத்தில் ‘கிளார்க்’, ‘குமாஸ்தா’ ஆகிய சொற்கள் மூன்று வேறு பணிகளைக் குறிக்கின்றன. வழக்கறிஞரின் அலுவலகத்தில் கட்டுகளைப் பராமரித்து, மனுக்களைத் தாக்கல் செய்து, வாய்தா தேதிகளைக் குறித்து வைப்பவர் வக்கீல் குமாஸ்தா. நீதிமன்றக் கூடத்தில் நீதிபதியின் மேடைக்குக் கீழே அமர்ந்து வழக்குகளை அழைத்துப் பதிவேடுகளைக் கவனிப்பவர் பெஞ்ச் கிளார்க். இவர் நீதிமன்ற ஊழியர். சட்ட எழுத்தர் இவ்விருவரினும் வேறானவர். அவருக்குச் சட்டப் பட்டம் கட்டாயம். அவர் நீதிபதியின் அறையில், நீதிபதியின் நேரடி மேற்பார்வையில் பணியாற்றுகிறார்.

நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் பதவிப் பெயர் மாறும். உச்ச நீதிமன்றத்தில் ‘லா கிளார்க் கம் ரிசர்ச் அசோசியேட்’ என்றும், சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘ரிசர்ச் லா அசிஸ்டன்ட்’ என்றும், டெல்லி உயர் நீதிமன்றத்தில் ‘லா ரிசர்ச்சர்’ என்றும் வழங்கப்படுகிறது. இணையத்தில் அறிவிக்கைகளைத் தேடும் மாணவர்கள் இப்பெயர்கள் அனைத்தையும் அறிந்திருப்பது பயன் தரும். ‘லா கிளார்க்’ என்ற ஒரே பெயரில் தேடினால் பல அறிவிக்கைகள் கண்ணில் படாமல் போகக்கூடும்.

தோற்றம்

இம்முறையின் தொடக்கம் அமெரிக்காவில் உள்ளது. மாசசூசெட்ஸ் மாநில உயர்ந்த நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஹோரஸ் கிரே, புதிதாகச் சட்டம் முடித்த இளைஞர்களைத் தம் உதவியாளர்களாக அமர்த்தினார். 1882இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற பிறகும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தார். மாசசூசெட்ஸில் அவரிடம் பணியாற்றியவர்களுள் ஒருவரான லூயிஸ் பிராண்டைஸ் பிற்காலத்தில் தாமே உச்ச நீதிமன்ற நீதிபதியானார். இன்று அந்நாட்டில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் எல்லாப் படிகளிலும் இப்பணி உண்டு. ஜான் ராபர்ட்ஸ், எலினா ககன் உள்ளிட்ட பல உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இளமையில் அதே நீதிமன்றத்தில் சட்ட எழுத்தர்களாக இருந்தவர்கள்.

தமிழ் வேர் கொண்ட எடுத்துக்காட்டும் உண்டு. திருநெல்வேலிப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த ஸ்ரீ சீனிவாசன், ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்தபின் முதலில் மேல்முறையீட்டு நீதிபதி ஹார்வி வில்கின்சனிடமும், அடுத்து உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானரிடமும் சட்ட எழுத்தராகப் பணியாற்றினார். 2013இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதியாக அவரை அமெரிக்க செனட் 97–0 என்ற வாக்கில் ஏற்றது. 2020இல் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்.

இந்தியாவில் இம்முறை காலம் தாழ்ந்தே வந்தது. வழக்குகளின் எண்ணிக்கை பெருகி, ஒரே நாளில் பல பத்து வழக்குகளின் கட்டுகளை நீதிபதி படித்தாக வேண்டிய நிலை ஏற்பட்டதே இதற்கு முதன்மைக் காரணம்.

பணியின் தன்மை

உச்ச நீதிமன்றத்தில் நெடுங்கால வழக்கப்படி திங்கள், வெள்ளி ஆகிய நாட்கள் புதிய மனுக்களை விசாரணைக்கு ஏற்பதா என்று முடிவு செய்யும் நாட்கள். அரசமைப்புச் சட்டத்தின் 136ஆம் உறுப்பின் கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுக்களே அவற்றில் பெரும்பகுதி. ஒவ்வொன்றும் சில நூறு பக்கங்கள் கொண்டதாக இருக்கலாம். இவற்றை ஓரிரு பக்கச் சுருக்கங்களாக நீதிபதிக்குத் தருவது சட்ட எழுத்தரின் அன்றாட வேலை. நீண்ட விசாரணைக்குரிய வழக்குகளில் முன் தீர்ப்புகளைத் தொகுத்தல், வாதங்களின் குறிப்பெடுத்தல், தீர்ப்பு வரைவில் மேற்கோள்களையும் பக்க எண்களையும் சரிபார்த்தல் ஆகியவை சேரும்.

நல்ல சுருக்கம் என்பது கதையைக் குறுக்கிச் சொல்வது மட்டும் அன்று. பூந்தமல்லி அருகே ஒரு மனைக்கு இருவர் உரிமை கோரும் வழக்கை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். உரிமையியல் நீதிமன்றம் வாதிக்குத் தீர்ப்பளிக்கிறது. சார்பு நீதிமன்றம் அதை மாற்றுகிறது. வாதி உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்கிறார். கிரயப் பத்திரத்தில் எல்லை எப்படி எழுதப்பட்டது, யார் பெயரில் பட்டா உள்ளது, வில்லங்கச் சான்றில் என்ன காண்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் அது நீதிபதிக்கு முழுப் பயன் தராது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டப் பிரச்சினை எழுந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் தலையிட முடியும். ஆகவே சுருக்கத்தின் முதல் கேள்வி, ‘இவ்வழக்கில் அத்தகைய சட்டப் பிரச்சினை உண்டா?’ என்பதே. அடுத்து, 90 நாள் காலவரம்புக்குள் மேல்முறையீடு வந்ததா என்பது. அதன் பின்னரே, கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் எங்கே வேறுபட்டன, எந்த ஆவணத்தை எவர் கவனிக்காமல் விட்டார் என்பவை.

குற்றவியல் வழக்குகளிலும் இப்படியே. முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரும் மனு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவின் கீழ் வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதற்கு இணையானது 528ஆம் பிரிவு. அறிக்கையில் சொல்லப்பட்டதை அப்படியே உண்மை என்று ஏற்றுக்கொண்டாலும் அது குற்றமாகுமா என்பதே அங்கு முதன்மைக் கேள்வி. சாட்சிகளின் நம்பகத்தன்மையை அந்நிலையில் எடை போடும் குறிப்பு, நீதிபதியின் நேரத்தை வீணாக்கும்.

முடிவெடுப்பது சட்ட எழுத்தரின் வேலை அன்று. தம் கருத்தைக் கேட்டால் சொல்லலாம். கருத்தையும் வழக்கின் தகவலையும் கலந்து எழுதக் கூடாது. கட்டில் இல்லாத ஒன்றைச் சுருக்கத்தில் சேர்ப்பதும், ஒரு தரப்புக்குப் பாதகமான ஆவணத்தை விட்டுவிடுவதும் பெரும் பிழைகளாகக் கருதப்படுகின்றன.

உச்ச நீதிமன்றத் தேர்வு

உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிவிக்கையில் ஏறத்தாழ 90 இடங்கள் குறிக்கப்பட்டன. மாத ஊதியம் 80,000 ரூபாய். வயது வரம்பு 20 முதல் 32 வரை. ஐந்தாண்டுப் படிப்பின் ஐந்தாம் ஆண்டிலும், மூன்றாண்டுப் படிப்பின் மூன்றாம் ஆண்டிலும் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். பணியில் சேரும் முன் பட்டம் பெற்றதற்கான சான்றைத் தர வேண்டும்.

தேர்வு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதி கொள்குறி வினாக்கள். இதில் சட்ட அறிவும், படித்துப் புரிந்துகொள்ளும் திறனும் சோதிக்கப்படும். இரண்டாம் பகுதி விரிவாக எழுதும் தேர்வு. எழுத்தாற்றலும் பகுத்தாயும் திறனும் இங்கே அளக்கப்படும். மூன்றாம் பகுதி நேர்காணல். முதல் இரண்டு பகுதிகளும் ஒரே நாளில், நாட்டின் பல நகரங்களில் நடத்தப்பட்டன. 2024இல் மார்ச் 10ஆம் தேதியும், 2025இல் மார்ச் 9ஆம் தேதியும் தேர்வு நடந்தது. 2025இல் விண்ணப்பக் காலம் ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முதல் வாரத்தில் முடிந்தது. பொங்கல் விடுமுறையும் பருவத் தேர்வு வேலைகளும் சேரும் இக்காலத்தில் அறிவிக்கையைத் தவறவிடுவது எளிது என்பதால், டிசம்பர் இறுதி முதலே நீதிமன்ற இணையதளத்தைக் கவனித்து வருவது நல்லது.

கொள்குறி வினாக்களில் மட்டும் கவனம் செலுத்தி, எழுத்துத் தேர்வுக்கு எந்தப் பயிற்சியும் இல்லாமல் செல்வது தேர்வர்களுக்கு இழப்பைத் தரும். வழக்குக் கட்டு ஒன்றைப் படித்து, குறித்த சொற்களுக்குள் சுருக்கி எழுதுவது கடைசி வாரத்தில் வரும் திறன் அன்று.

சென்னை உயர் நீதிமன்றம்

1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதிகளின் எண்ணிக்கை 75. மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. இரண்டு இடங்களிலும் நீதிபதிகளுக்கு ஆய்வுச் சட்ட உதவியாளர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுகின்றனர். இதற்கான அறிவிக்கை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வருவதில்லை. காலியிடங்களைப் பொறுத்து வரும். இடங்களின் எண்ணிக்கை, ஊதியம், வயது வரம்பு, விண்ணப்பப் படிவம் ஆகியவை அந்தந்த அறிவிக்கையில் தரப்படும். பழைய ஆண்டின் படிவத்தை நிரப்பி அனுப்பினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

ஊதியத்தை ஒப்பிடும்போது மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை வெளியிடுமாறு, 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டது. மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் சேரும் முதல் ஆண்டு, குடும்பப் பின்புலம் இல்லாதவர்களுக்கு எவ்வளவு கடினமானது என்பதை இவ்வுத்தரவே காட்டுகிறது. நிலையான மாத ஊதியம் உள்ள சட்ட எழுத்தர் பணி, அத்தகையோருக்குத் தொழிலில் காலூன்ற ஓராண்டு அவகாசம் தருகிறது.

மேற்குப் புறநகர் மாணவர்கள்

1891இல் நிறுவப்பட்ட சென்னை சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கியது. மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் நடந்தே நீதிமன்றக் கூடங்களுக்குச் செல்ல முடிந்தது. 2018இல் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்று புதுப்பாக்கத்துக்கும் மற்றொன்று திருவள்ளூர் மாவட்டத்தின் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம் மாறியது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ வசிக்கும் பட்டரைப்பெரும்புதூர் மாணவருக்குக் கல்லூரி மேற்கே, உயர் நீதிமன்றம் கிழக்கே என்றாகிவிட்டது. காலையில் திருவள்ளூர் வழித்தடப் புறநகர் ரயிலில் ஒரு திசையில் சென்றால், நீதிமன்ற நேரத்தில் மறு திசைக்கு வர வழியில்லை. ஆவடியில் வேல்டெக் நிறுவனத்தின் சட்டப் பள்ளி போன்ற தனியார் கல்லூரிகளும் உள்ளன. அவற்றின் மாணவர்களுக்கும் உயர் நீதிமன்றம் அன்றாடம் சென்று வரும் தொலைவில் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப அருகிலுள்ள விசாரணை நீதிமன்றங்கள் உதவும். அம்பத்தூர், பூந்தமல்லி, திருவள்ளூர் ஆகிய ஊர்களில் நீதிமன்றங்கள் உள்ளன. பூந்தமல்லியில் இயங்கிய சிறப்பு நீதிமன்றமே ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்து, 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைத் தண்டனையிலிருந்து பெருமளவு விடுவித்து, நால்வருக்கு மரண தண்டனையையும் மூவருக்கு ஆயுள் தண்டனையையும் வைத்தது. ஒரே சாட்சியத் தொகுப்பை விசாரணை நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் எப்படி வேறுவிதமாக எடை போட்டன என்பதைப் படிப்பது, சட்ட எழுத்தராக விரும்புபவருக்குச் சிறந்த பயிற்சி.

இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரங்களும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் உள்ளகப் பயிற்சி பெற வேண்டும். இதன் ஒரு பகுதியை விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும், மற்றொரு பகுதியை உயர் நீதிமன்ற வழக்கறிஞரிடமோ நீதிபதியிடமோ செலவிட்டால், ஒரு வழக்கு கீழிருந்து மேலே செல்லும் பாதை முழுவதும் தெரியவரும்.

தமிழின் இடம்

உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெறும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின் நிலை. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இதனாலேயே இப்பணி தங்களுக்குரியது அன்று என்று ஒதுங்குவதுண்டு. ஆங்கிலத்தில் தெளிவாக எழுதும் திறன் இன்றி இப்பணிக்கு வர முடியாது என்பது உண்மை. ஆயினும் தமிழும் இங்கே ஒரு தகுதியே. தமிழ்நாட்டின் கீழ் நீதிமன்றங்களில் சாட்சியங்களும் பல தீர்ப்புகளும் தமிழில் உள்ளன. கிரயப் பத்திரம், உயில், முதல் தகவல் அறிக்கை, மகசர், மரண வாக்குமூலம் ஆகியவையும் பெரும்பாலும் தமிழிலேயே இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பிற மாநிலங்களிலிருந்து மாற்றலாகி வரும் நீதிபதிகளுக்கு இவற்றின் மூலத்தை நேரடியாகப் படிக்க இயலாது. ‘அனுபோகம்’ என்ற சொல் ஒரு பத்திரத்தில் உரிமையைக் குறிக்கிறதா, கைவசத்தை மட்டும் குறிக்கிறதா என்பதை உணர்ந்து, மொழிபெயர்ப்பில் அது நழுவியிருந்தால் சுட்டிக்காட்டக்கூடிய உதவியாளர், அந்த அறையில் மதிக்கப்படுவார்.

விண்ணப்பத்துக்கான ஆயத்தம்

தேர்வு வழியாக அல்லாமல் நீதிபதியின் அலுவலகத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கும் வாய்ப்பு உள்ள இடங்களில், தன்விவரக் குறிப்பும் சுருக்கமான கடிதமும் கேட்கப்படும். எழுத்து மாதிரியும் கேட்கப்படலாம். இவற்றில் கவனிக்க வேண்டியவை:

1. எழுத்து மாதிரி: மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் பலர் சேர்ந்து எழுதிய வாதுரையைத் தம் பெயரில் தரக் கூடாது. தாமே எழுதிய ஐந்து பக்க வழக்குக் குறிப்பு அதைவிட மேலானது. உள்ளூர்ப் பொருள்களே இதற்குப் போதும். அம்பத்தூர் தொழிற்பேட்டை சார்ந்த தொழிலாளர் தகராறுகள், ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் பணி வழக்குகள், நெடுஞ்சாலைக்கான நில எடுப்பு இழப்பீடு, புறநகர் ஏரிகளின் மாசு பற்றிய பசுமைத் தீர்ப்பாய நடவடிக்கைகள் ஆகிய ஒவ்வொன்றிலும் எழுதத்தக்க சட்டக் கேள்விகள் உண்டு.

2. தேடும் திறன்: கட்டணத் தரவுத்தளங்கள் எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் தளத்தில் அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டு இலவசமாகக் கிடைக்கிறது. ‘இந்தியன் கானூன்’ தளமும் இலவசம். ஒரு தீர்ப்பைக் கண்டெடுத்ததும், அது பின்னர் மாற்றப்பட்டதா, பெரிய அமர்வால் நிராகரிக்கப்பட்டதா என்று பார்ப்பது கட்டாயம்.

3. சுருக்கப் பயிற்சி: வாரம் ஒரு தீர்ப்பை எடுத்து, நாள் வரிசை, சட்டக் கேள்வி, இரு தரப்பு வாதம், முடிவு, காரணம் என ஐந்து தலைப்புகளில் 500 சொற்களுக்குள் எழுதலாம். ஓராண்டில் ஏறத்தாழ 50 சுருக்கங்கள் சேரும். தேர்வின் இரண்டாம் பகுதிக்கும் பணிக்கும் இது ஒருசேரப் பயன்படும்.

4. பரிந்துரை: பெரிய பதவியில் இருந்து, மாணவரை ஒரு முறை மட்டும் பார்த்தவரின் கடிதத்தைவிட, அவருடைய எழுத்தைத் திருத்திய ஆசிரியர் அல்லது பயிற்சி அளித்த வழக்கறிஞரின் கடிதம் அதிகம் பேசும்.

5. நேர்காணல்: தன்விவரக் குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் கேள்விக்குரியது. படிக்காத தீர்ப்பைப் படித்ததாகச் சொல்வதைவிடத் தெரியாது என்று சொல்வது நல்லது. கட்டில் இல்லாததை எழுதாதவரா என்பதையே நீதிபதி அறிய விரும்புவார்.

2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு

நீதித்துறைப் பணியில் சேர விரும்புவோருக்கு இப்பணியின் மதிப்பு 2025இல் கூடியது. உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2002இல் உச்ச நீதிமன்றம் நீக்கியிருந்தது. அதனால் புதிதாகப் பட்டம் பெற்றவர்களும் தேர்வு எழுதி வந்தனர். 2025 மே 20 அன்று, தலைமை நீதிபதி பி. ஆர். கவாய், நீதிபதிகள் ஏ. ஜி. மாசிஹ், கே. வினோத் சந்திரன் ஆகியோரின் அமர்வு, அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் அந்த மூன்றாண்டு நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தது. சட்ட எழுத்தராகப் பணியாற்றிய காலத்தையும் இந்த அனுபவத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று அதே தீர்ப்பு கூறியது. ஏற்கெனவே தொடங்கப்பட்டிருந்த தேர்வு நடைமுறைகளுக்கு இது பொருந்தாது என்றும் தெளிவுபடுத்தியது.

இதன்படி, ஓராண்டு சட்ட எழுத்தராக இருந்தவருக்கு அந்த ஆண்டு வீணாவதில்லை. பணி முடியும்போது சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றைக் குறிக்கும் சான்றிதழைப் பெற்று வைத்துக்கொள்வது அவசியம்.

கட்டுப்பாடுகள்

பணிக்காலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. வேறு வேலையும் ஏற்க முடியாது. அறையில் அறிந்த எதையும், வெளிவராத வரைவையோ நீதிபதியின் கருத்தையோ, பணி முடிந்த பிறகும் வெளியிடக் கூடாது. உறவினரோ முன்பு பயிற்சி பெற்ற அலுவலகமோ தொடர்புடைய வழக்கு அந்த அறைக்கு வந்தால், நீதிபதியிடம் உடனே தெரிவித்து அதிலிருந்து விலகி நிற்க வேண்டும். சமூக ஊடகங்களில் நிலுவை வழக்குகளைப் பற்றிக் கருத்துரைப்பதும் தவிர்க்கத்தக்கது. ஒப்பந்தம் முடிந்தபின் நீட்டிப்பு உறுதி இல்லை. நீதிபதி ஓய்வு பெற்றாலோ மாற்றலானாலோ பணி இடையிலேயே முடியவும் கூடும். இதனால் அடுத்து வழக்கறிஞர் தொழிலா, நீதித்துறைத் தேர்வா, மேற்படிப்பா என்ற முடிவைப் பணிக்காலத்தின் பாதியிலேயே எடுத்துவிடுவது நல்லது.